வீட்டுக்குப் பின்னால் என்றொரு திராட்சைச் சரிவு

அம்மா, என் நிர்மலா,

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதுகில் ஒன்று வைப்பாய். வைக்க ஆளில்லாத தைரியத்தில்தான் கூப்பிடுகிறேன். எங்கே இருந்தாலும் இப்போதாவது காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாயா?

இன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட தட்டுகளை இன்னும் கழுவவில்லை. அப்பா சிப்காட்டில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து வாசல் அறையில் தூங்குகிறார். போன மாசத்துக்கு முந்தின மாசம் அடித்த புயலில் நம் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு இரண்டு பறந்துபோயின. புதுசு போட்டாகிவிட்டது. கரண்ட் வர ரொம்ப நாளானது. இப்போதும் வருகிறது, போகிறது. பிளஸ் டூ பரீட்சைக்கு நாள் நெருங்கிவிட்டது. காலையில் எழுந்து சோறு வடித்து, பள்ளிக்கூடம் போய், வந்து துணி அலசி, பிறகு புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அசதியாக இருக்கிறதும்மா. உனக்கு எப்போதும் இருந்த அந்த அசதி எனக்கு இத்தனை சீக்கிரம் வரும் என்று நினைக்கவில்லை.

பள்ளி ஆண்டு மலருக்கு எல்லோரும் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். கையெட்டாத ஒருவருக்குக் கடிதம் எழுதுங்கள் என்று தமிழ் மிஸ் சொன்னார்கள். பக்கத்து பெஞ்சு சாந்தி, செத்துப்போன அவர்கள் வீட்டு ஆட்டுக்கு எழுதியிருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. நான் உனக்கு எழுதுகிறேன். இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ வேலை பார்த்த டைப்பிங் சென்டர் சிதம்பரத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நாம் இருப்பது கடலூர் முதுநகர். தினமும் காலையில் பஸ் பிடித்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று நின்று நின்று போவாய். வழியில் முட்லூரில், உன்னோடு வேலை செய்யும் பரங்கிப்பேட்டைக்கார மும்தாஜ் அக்கா ஏறுவாள். அவளுக்கு நீ இடம் பிடித்து வைத்திருப்பாய். அங்கிருந்து சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வரை நீங்கள் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குவீர்கள் என்று கண்டக்டரே ஒரு தடவை என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

வெளிநாட்டிலிருந்து பழைய புத்தகங்களைப் படம் பிடித்து சென்டருக்கு அனுப்புவார்கள். கம்ப்யூட்டர் திரையின் மேல் பாதியில் அந்தப் பக்கம் தெரியும். கீழ்ப் பாதியில் அதை எழுத்துக்கு எழுத்து அடிக்க வேண்டும். என்ன பாஷை, என்ன அர்த்தம் என்பது உங்களுக்குத் தேவையில்லை. ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பீர்கள். முதல் கை, இரண்டாம் கை என்று அதற்குப் பெயர். ஒருத்தி அடித்ததை இன்னொருத்தி பார்க்கக் கூடாது. பிறகு மெஷின் இரண்டையும் ஒப்பிடும். எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அங்கே சிவப்பாகக் காட்டும். அந்த இடத்தை மட்டும் மூன்றாவது ஆள் மூலத்தைப் பார்த்துச் சரி செய்வார். சிவப்பு இல்லாத இடத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு கைகள் ஒரே தப்பை ஒரே இடத்தில் செய்யாது என்ற நம்பிக்கையில்தான் அந்த மாடியே ஓடியது.

நான் நாலாவது படிக்கும்போது நீ அங்கே சேர்ந்தாய். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த விரல்கள் உனக்கு. முதல் வருஷமே உன் பெயர் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் ஏறிவிட்டது. அந்த மாசம் பிழையே விடாதவர்கள் பெயரை அதில் எழுதுவார்கள். யாரோ அழியாத மார்க்கரால் உன் பெயரை எழுதிவிட்டார்கள். மாசா மாசம் மற்ற பெயர்களை அழித்து எழுதினார்கள். உன் பெயரை அழிக்க வேண்டிய தேவையே வரவில்லை. அப்பா இதை சிப்காட்டில் கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். உனக்குத் தெரியுமா?

நான் எட்டாவது படிக்கும்போதுதான் அந்த ஜெர்மன் புத்தகம் வந்தது.

வந்த அன்றைக்கு நீ எரிச்சலோடு வீட்டுக்கு வந்தாய். "எழுத்துக்கு மேல ரெண்டு ரெண்டு பொட்டு வெச்சி வெச்சி எழுதியிருக்கான்டி. ஒவ்வொரு பொட்டுக்கும் நாலு பட்டன அழுத்தணும்" என்றாய். ஒரு வாரம் போனதும் வேறு மாதிரிப் பேச ஆரம்பித்தாய். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ஒரு பெயர். அதன் கீழே வருஷங்கள். சில சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவை என்னவாக இருக்கும்?

பேப்பர், பேனா, போன் எதையும் சென்டருக்குள் கொண்டுபோகக் கூடாது. அதனால் ஒரு நாளைக்கு ஒரு சொல்லை மனசில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாய். முதுநகர் வரும்வரை அதன் எழுத்துகளை முணுமுணுத்துக்கொண்டே வருவாயாம். நான் நோட்டோடு வாசலில் நிற்பேன்.

"இன்னிக்கு இன்னா சொல்லு கொண்டாந்த?"

"இருடி, செருப்ப கழட்டிக்கிறேன். பி, ஈ, ஆர், ஜி. எழுதிட்டியா? அப்பாடா. இனிமே தண்ணி குடிக்கலாம்."

சனிக்கிழமை அந்த வாரத்துச் சொற்களை எடுத்துக்கொண்டு அர்த்தம் தேட பிரவுசிங் சென்டருக்குப் போவேன். அங்கே இருக்கும் அண்ணன், "இன்னா பாப்பா, ஜெர்மன்காரனத்தான் கட்டுவியா? உங்கப்பாகிட்ட சொல்லட்டுமா?" என்று கிண்டல் செய்வார். பெர்க் என்றால் மலை. ஷீஃபர் என்றால் அடுக்கடுக்காக உரியும் கரும்பாறை. குளோஸ்டர் என்றால் மடம். வாரத்துக்கு ஆறு சொல். இரண்டு மாசத்தில் நமக்குப் புரிந்துவிட்டது. மோசல் என்று ஓர் ஆறு. அதன் இரண்டு கரையிலும் செங்குத்தான மலைச்சரிவுகள். சரிவெல்லாம் திராட்சை. ஒவ்வொரு துண்டுச் சரிவுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அந்தத் துண்டு எந்தத் திசை பார்த்தது, என்ன கல், யாரிடமிருந்து யாருக்குப் போனது, ஏன் அந்தப் பெயர் வந்தது, இதைத்தான் அந்தத் தடித்த புத்தகம் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகிறது.

"நம்ம பக்கம் சர்வே நம்பரோட முடிஞ்சிபோச்சி. இவன் பாரு, ஒரு துண்டு நெலத்துக்கு ஒரு ஜாதகமே எழுதி வெச்சிருக்கான்" என்றாய்.

பிறகு அந்தப் பெயர்களை வைத்தே பிரவுசிங் சென்டரில் தேடி மீதிக் கதைகளையும் படித்தேன். ஒரு சரிவுக்குச் சூரியக் கடிகாரம் என்று பெயர். கொடிகளுக்கு நடுவில் பாறையில் ஒரு கடிகாரம் வரைந்திருப்பார்களாம். வேலை செய்கிறவர்கள் அதன் நிழலைப் பார்த்துச் சாப்பிடப் போவார்கள். இன்னொரு சரிவின் பெயர் டாக்டர். நோயில் கிடந்த ஒரு பிஷப் அந்தச் சரிவின் திராட்சை ரசத்தைக் குடித்து எழுந்து உட்கார்ந்தார் என்று ஒரு கதை. மழை பெய்தால் மேலிருக்கும் கல்லும் மண்ணும் கீழே இறங்கிவிடும். அதைக் கூடையில் அள்ளி, முதுகில் சுமந்து மேலே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அடுத்த மழைக்கு மறுபடி இறங்கும். மறுபடி சுமப்பார்கள். இதை நான் படித்துச் சொன்னபோது நீ சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாய். தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன்.

"எத்தினி வருஷமாடி?" என்று கேட்டாய்.

"நூறு நூறா வருஷம் இருக்கும்மா."

"யாருமே போதும்னு சொல்லலியா?"

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

நான் ஒன்பதாவது போனபோது உன் கால் வீங்க ஆரம்பித்தது. பிறகு முகம். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் கிட்னி என்று சொன்னார்கள். வாரத்தில் ஒரு நாள் அங்கே. மற்ற நாள் சென்டர். "அந்த டாக்டர் மலைக்கு எந்த பஸ்ஸுன்னு கேட்டு வையேன், பாண்டிச்சேரிக்கு அலையறதுக்கு அங்கயே ஒரு நடை போயிட்டு வந்துடலாம்" என்று சொல்லிச் சிரித்தாய். நீண்ட லீவு போட்டால் நாற்காலி வேறு ஒருத்திக்குப் போய்விடும். நாற்காலி போனால் நீயும் படுக்கையில் விழுந்துவிடுவாய் என்று பயந்தாய் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு உன் மேல் கோபம்தான் வந்தது.

ஒரு சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நீ சமையல்கட்டு நிலையில் வந்து நின்றாய்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்றேன். அப்பாகிட்ட சொல்லாத. மும்தாஜ்தான் என் பங்கையும் அடிக்குறா."

எனக்குப் புரியவில்லை. நீ விளக்கினாய். உன் விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. சூப்பர்வைசர் சார் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போவார். போனால் வர மூன்று மணி ஆகும். அந்த நேரத்தில் நீ சாப்பாட்டு அறையில் பாய் விரித்துப் படுப்பாய். மும்தாஜ் அக்கா காலையிலேயே தன் பக்கங்களை விறுவிறுவென்று முடித்துவிட்டு, உன் நாற்காலிக்கு மாறி, உன் பெயரில் இரண்டாம் கையையும் அடிப்பாள்.

"தப்பில்லையாம்மா?"

"தப்புதான். எழுத்து சரியா இருக்குதில்ல, வுடு."

அவ்வளவுதான் பேசினோம். அந்த மாசமும் பலகையில் உன் பெயர் இருந்தது. அது மும்தாஜ் அக்கா அடித்தது என்பதால் உனக்குக் கஷ்டமாக இருந்ததா? அதைக் கேட்காமலே இருந்துவிட்டேன். நான்கு வாரத்தில் நீ போய்விட்டாய்.

இனிமேல் வருவது உனக்குத் தெரியாதது.

நீ போன மூன்றாவது வாரம் அப்பாவும் நானும் சென்டருக்குப் போனோம், உன் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கவும் உன் சாமான்களை வாங்கிவரவும். ஒரு டிபன் பாக்ஸ், நாற்காலியில் போட்டு உட்காரும் மெத்தை, மூக்குக் கண்ணாடி. மாடிப்படி ஏறும்போதே மேலே சத்தம் கேட்டது. உள்ளே எல்லாரும் வேலையை நிறுத்தியிருந்தார்கள். மும்தாஜ் அக்கா முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஜெர்மன் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுசாக விட்டுப்போயிருக்கிறது என்று அனுப்பியவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு கையிலும் அதே பக்கம் இல்லை. அதனால் மெஷின் சிவப்பைக் காட்டவில்லை. முதல் கை மும்தாஜ். இரண்டாம் கை நீ.

சூப்பர்வைசர் சார் அப்பாவைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "வாங்க, உக்காருங்க. மனசு சரியில்லாத நேரத்துல வந்துட்டீங்க. ஒரு நிமிஷம்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "பக்கத்தை தாண்டுறது மனுஷனுக்கு வர்றதுதான். அதுக்கு ஒரு வார்னிங்கோட வுட்ருவேன். ஆனா ரெண்டு பேரும் ஒரே பக்கத்தை எப்பிடிம்மா தாண்டுவீங்க? ஒருத்தி அடிச்சத இன்னொருத்தி பாத்து அடிச்சிருக்கணும். பாத்து அடிச்சா வேலை இல்ல, அது உனக்கே தெரியும். நிர்மலாக்கா பாத்து அடிக்கிற ஆளா? பலகைய பாரு. அப்ப யாரு?"

நடந்தது எனக்கு உடனே புரிந்துவிட்டது. பழைய அச்சு கண்ணை உறுத்தும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். உன் பெயரில் அடிக்கும்போது மும்தாஜ் அக்கா மூலப் பக்கத்தைப் பார்க்கவில்லை. காலையில் தான் அடித்ததைப் பக்கத்தில் திறந்துவைத்து, அதைப் பார்த்து அடித்திருக்கிறாள். காலையில் தாண்டிய பக்கத்தை மத்தியானமும் தாண்டிவிட்டாள். இரண்டு கையும் ஒருத்தியுடையதாக இருந்தால் அந்த மாடியின் நம்பிக்கை எப்படி நிற்கும்?

அவள் வாயைத் திறந்தாள். சொல்லிவிடப் போகிறாள் என்று தெரிந்தது. சொன்னால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மலேசியா போன அவள் வீட்டுக்காரர் அங்கேயே இருந்துவிட்டார் என்பதும், நாலு வயசு ஆயிஷாவை அவள்தான் வளர்க்கிறாள் என்பதும் நீ சொல்லி எனக்குத் தெரியும். சார் என்னைப் பார்த்தார். "ஏம்மா, உங்கம்மா வீட்ல எதுனா சொன்னாங்களா?"

அப்போது எனக்குப் பதினாலு வயசு. புத்தகங்களில் பொய் சொல்கிறவர்கள் எச்சில் விழுங்குவார்கள், தரையைப் பார்ப்பார்கள். நான் எதுவும் செய்யவில்லை. நேராக அவரைப் பார்த்துச் சொன்னேன்.

"அம்மாதான் சார் பாத்து அடிச்சாங்க. ஒடம்பு முடியலன்னு, மும்தாஜ் அக்கா அடிச்சத தொறந்து பாத்து அடிச்சேன்னு சொன்னாங்க. அக்காவுக்கு அது தெரியாது."

கீழே பாத்திரக்கடையில் யாரோ ஒரு குண்டானைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. மும்தாஜ் அக்கா, "இல்ல சார்" என்று ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். நன்றாக அழுத்திப் பிடித்தேன். சார் பெருமூச்சு விட்டார். "போன மனுஷிய இன்னா சொல்றது" என்றார். பிறகு பலகைக்குப் போனார். துணியால் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. மார்க்கரை எடுத்து உன் பெயரின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

அவர் கெட்டவர் இல்லை அம்மா. கோட்டை மெதுவாகத்தான் போட்டார். ஆனாலும் அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். உன் மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. புதுச்சத்திரம் தாண்டியதும் அப்பா சொன்னார்: "உங்கம்மா பாத்து அடிக்குற ஆளில்ல." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீடு வரும்வரை அப்படியே இருந்தேன். அதன் பிறகு அவர் சென்டரைப் பற்றி யாரிடமும் பேசி நான் கேட்கவில்லை.

விட்டுப்போன பக்கத்தை மும்தாஜ் அக்காவையே திரும்ப அடிக்கச் சொன்னார்கள். இந்த முறை இரண்டாம் கை வேறு ஒருத்தி. அப்பா ஷிப்ட்டில் இருக்கும் நேரம் பார்த்து அவள் உன் பழைய செல்லுக்குப் போன் செய்தாள். அழுதாள். பிறகு, "ஒரு நாளைக்கு ரெண்டு வரி மனப்பாடம் பண்ணிக்கினு வரேன், எழுதிக்கோ" என்றாள். நீ ஒரு சொல் கொண்டுவந்தாய். அவள் இரண்டு வரி கொண்டுவந்தாள். எழுத்து எழுத்தாகச் சொல்வாள். நடுவில் ஆயிஷா போனைப் பிடுங்கி, "ஏ, பி, சி" என்று கத்துவாள். பக்கம் முழுவதும் வந்துசேர இரண்டு வாரத்துக்கு மேலானது.

பிரவுசிங் சென்டரில் சொல் சொல்லாக அர்த்தம் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் இருப்பது ஒரு சின்னச் சரிவு. பெயர் 'ஹின்டர்ம் ஹவுஸ்', அதாவது வீட்டுக்குப் பின்னால். பெரிய சரிவுகளைப் போல அது தெற்குப் பார்த்ததில்லை, கிழக்குப் பார்த்தது. காலை வெயில் மட்டும் படும். ஒரு மடத்திடம் இருந்தது. மடங்களின் சொத்தை எடுத்துக்கொண்ட காலத்தில் ஏலத்துக்குப் போனது. ஒரு குடும்பம் வாங்கியது. அவர்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில், ஏறி இறங்க முடியவில்லை என்று விட்டுவிட்டார்கள். இப்போது முள் மண்டிக் கிடக்கிறது. எந்த வீட்டுக்குப் பின்னால் என்பதற்குப் பதில் இல்லை. வீட்டின் அடையாளம் எதுவும் அங்கே கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

அவ்வளவுதான். பயிர் இல்லாத, யாருக்கும் வேண்டாத ஒரு முள்காடு. அது புத்தகத்தில் இல்லாமல் போனதை எங்கோ ஒருவர் உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். அதற்காகத்தான் உன் பெயர் மேல் கோடு விழுந்தது. எனக்கு அந்த ஆளின் மேல் கோபம் வர வேண்டும். ஏனோ வரவில்லை. ஒரு முள்காட்டுக்காக அத்தனை அக்கறைப்பட்டவரை நான் எப்படித் திட்டுவது? எனக்கு என் மேல்தான் கோபம். ஒரு சரிவைத் திரும்ப எழுதிக்கொடுத்துவிட்டார்கள். உன் பெயரை யார் திரும்ப எழுதுவார்கள்?

மூன்று வருஷம் இதோடு இருந்தேன். மும்தாஜ் அக்கா போன் செய்வதை நிறுத்திவிட்டாள். நானும் செய்யவில்லை. இப்போது சென்டரும் இல்லை. பழைய எழுத்தை மெஷினே படித்துக்கொள்கிறதாம், வேலை ஏற்கெனவே குறைந்துவிட்டது. புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் கொஞ்சநஞ்சம் இருந்ததும் நின்றுபோனது. கம்ப்யூட்டர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்.

பொங்கல் கழிந்து பிளஸ் டூ வினாத்தாள் தொகுப்பு வாங்க சிதம்பரம் போனேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு கை என் தோளைத் தொட்டது. மும்தாஜ் அக்கா. இளைத்துப்போயிருந்தாள். ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாளாம். ஆயிஷா இப்போது இரண்டாவது படிக்கிறாள். இந்தக் கடிதம் எழுத ஆசைப்படுவதைச் சொல்லி, எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுது கண்ணு. என் பேரையும் போட்டே எழுது. பொய்யில ஒக்காந்து சாப்புட்டு சாப்புட்டு எனக்கே அலுத்துப்போச்சி. அந்த வேல இருந்ததாலதான் எம்புள்ள பள்ளிக்கூடம் போச்சி, இல்லங்கல. ஆனா அக்கா பேர நான் கெடுத்துட்டேனே."

"நான்தானே சொன்னேன் அக்கா."

"நீ சின்னப் புள்ள. நான் வாய மூடிக்கினு நின்னேனே. உங்கப்பா அங்கயே நிக்கிறாரு. அவரு மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன், சொல்லு? அதான் உங்க வூட்டுப் பக்கமே வரல."

ஆண்டு மலர் அச்சாகி வந்துவிட்டால் அப்பா படித்துவிடுவார். அவரே தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளினேன். நேற்று ராத்திரி, ஷிப்ட்டுக்குக் கிளம்புமுன் சாப்பிட உட்கார்ந்தார். ரசம் ஊற்றும்போது சொல்லிவிட்டேன். முழுக்கச் சொன்னேன், நிறுத்தாமல். பயத்தில் ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"போதும் வுடு, தட்டுல கொளமா வெட்டப் போற?" என்றார். பிறகு, "தெரியும்" என்றார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"எப்பிடிப்பா?"

"கடைசி ரெண்டு மாசம் காலையில அவளுக்கு ஜாக்கெட்டு கொக்கி போட்டு வுட்டது யாருன்னு நெனச்ச? நீ ஸ்கூலுக்கு ஓடிடுவ. நான்தான் போட்டு வுட்டேன். ஒரு கொக்கி அவளால போட முடியாது, வெரல மடக்க வராது. அந்தக் கையால பாத்து அடிச்சாளாம், பாக்காம அடிச்சாளாம். எவனுக்குக் கத சொல்ற?"

"அப்பறம் ஏம்ப்பா அங்க ஒண்ணும் பேசல?"

"நீதான் பேசிட்டியே. அந்தப் பொண்ணு நின்னுகினு இருந்த நெலமைய நானும் பாத்தேன். பஸ்ஸுல உனக்கு ஒரு வழி வுட்டுப் பாத்தேன். நீ ஜன்னலயே பாத்துக்கினு வந்துட்ட. சரி, சொல்லும்போது சொல்லட்டும்னு வுட்டுட்டேன்."

மூன்று வருஷம் அம்மா. ஒரே வீட்டில், ஒரே விஷயத்தை, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் இரண்டு பேரும் சுமந்திருக்கிறோம். எனக்கு அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. அப்பா கை கழுவிவிட்டு வந்து, துண்டில் துடைத்தபடி, "அந்தப் பொண்ணு அடிச்சதாலதான் உங்கம்மா கடைசி வரிக்கும் பை மாட்டிக்கினு வேலைக்குப் போனா. வீட்ல கெடந்து போகல. அதுக்கு நான் ஒரு வார்த்த சொல்ல வாணாமா? அவள ஏன் இத்தினி நாளா ஒளிஞ்சிக்கினு திரிய வுட்ட?" என்றார்.

அதனால் உனக்கு ஒரு வாக்கு. நீ பிழையே செய்யாதவள் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். நீயும் மும்தாஜ் அக்காவும் சேர்ந்து ஒரு தப்பு செய்தீர்கள், நான் என் பங்குக்கு ஒன்று செய்தேன், அப்படியே சொல்வேன். ஆனால் நீ பார்த்து அடித்தாய் என்ற பேச்சு மட்டும் இந்தக் கடிதத்தோடு முடிந்தது. அடுத்த ஞாயிறு அப்பாவுக்கு ஷிப்ட் இல்லை. காலை பஸ்ஸில் இரண்டு பேரும் பரங்கிப்பேட்டைக்குப் போகிறோம். மும்தாஜ் அக்கா வர மாட்டேன் என்பாள். ஆயிஷாவை நான் தூக்கிக்கொண்டு நடந்தால் பின்னாலேயே வந்துதானே ஆக வேண்டும்? நம் வீட்டில், உன் இடத்தில் உட்காரவைத்துச் சோறு போடுவேன். அப்பா சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை அவரே சொல்லட்டும். நான் சமையல்கட்டில் இருந்துகொள்கிறேன்.

தட்டு கழுவப் போகிறேன்.

உன் வயிற்றில் பிறந்து, உன் அசதியையும் வாங்கிக்கொண்ட ஒரே மகள்,
கயல்விழி